கீழே நின்று பார்த்த படம்

ரத்தினபாய் டீச்சரைப் பற்றி எங்கள் காலனியில் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். சொந்தத் தம்பியைப் படத்தில் பார்த்தும் அடையாளம் தெரியாமல் "இவன் இல்லை" என்று சொல்லிவிட்டாள் என்பது ஒரு பேச்சு. தெரிந்தேதான் சொன்னாள், எத்தனை வருஷம்தான் அவனைக் கட்டிக்கொண்டு மாரடிப்பாள் என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது பேச்சு என் காதில் விழுந்த அன்றைக்குத்தான் இதைச் சொல்லி எழுத வைப்பது என்று முடிவு செய்தேன். எனக்கு எழுத்து தெரியாது. கங்கையம்மாள் என்று கையெழுத்துப் போடவும் வராது. ஆனால் அந்த மூன்று நாளும் டீச்சரோடு கூடவே இருந்தவள் நான் ஒருத்திதான். அதனால் நான் சொல்வதுதான் நடந்தது.

டீச்சர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். இருபத்திரண்டு வயதில் பள்ளிக்கூட வேலை கிடைத்து மேற்குத் தாம்பரம் வந்தார். கூட வந்தது அவருடைய அம்மாவும், இடுப்பில் ஒரு வயதுத் தம்பி காலேபும். அந்தக் குழந்தைக்கு எட்டாவது மாதத்தில் காய்ச்சல் கண்டு வலிப்பு வந்ததாம். அதற்குப் பிறகு உடம்பு வளர்ந்ததே தவிர புத்தி கூடவே வளரவில்லை. அவனுக்கு ஆறு வயதாகும்போது அம்மாவும் போய்விட்டார். அப்பா ஏற்கெனவே இல்லை.

டீச்சரைப் பெண் பார்க்க மூன்று இடத்திலிருந்து வந்தார்கள். மூன்று தடவையும் நான்தான் பின்வாசல் வழியாகப் போய் பலகாரம் எடுத்துக் கொடுத்தேன். வந்தவர்கள் எல்லாரும் காபியைக் குடித்துவிட்டு, "தம்பிய ஏதாவது ஹோம்ல சேத்துடலாம் இல்லையா?" என்றுதான் கேட்டார்கள். டீச்சர் டம்ளர்களை வாங்கிக்கொண்டு உள்ளே போவார். திரும்ப வெளியே வரமாட்டார். அவர்கள் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துவிட்டுத் தாங்களாகவே எழுந்து போவார்கள். நாலாவதாக யாரும் வரவில்லை.

நாற்பது வருஷம் அப்படியே ஓடியது. ரிட்டயர் ஆகும்வரை காலையில் அவனைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டி, என் வீட்டில் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போவார். நான் மாவு அரைத்து விற்கிறவள். கிரைண்டர் சத்தம் காலேபுக்குப் பிடிக்கும். அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். "கங்கம்மா, சுத்துது" என்பான். "சுத்தட்டும்டா" என்பேன். அதுதான் எங்கள் பேச்சு. நல்ல கறுப்பு நிறம் அவனுக்கு. எங்கள் தெருவில் அவனளவு கறுப்பு யாரும் இல்லை. சிரித்தால் பல் மட்டும் பளிச்சென்று தெரியும்.

வலிப்புக்கு மாத்திரை உண்டு. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. ஒன்று தவறினால் கண் ஒரு மாதிரி சொருகும். இரண்டு தவறினால் விழுந்துவிடுவான். ஒரு தடவை மருந்துக்கடைப் பக்கமே போக முடியாத வெள்ளத்தில் இரண்டு தவறி, அவன் விழுந்து நாக்கைக் கடித்துக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். டாக்டர் அன்றைக்கே சொன்னார், மூன்று நாலு தவறினால் விழுந்தவன் எழுந்திருப்பான் என்று உறுதி சொல்ல முடியாது என்று. அதனால் டீச்சருக்கு உலகத்தில் எந்தக் கணக்கு மறந்தாலும் அந்த மாத்திரைக் கணக்கு மறக்காது.

போன ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் ஆராதனை முடிந்து டீச்சர் சண்டே ஸ்கூல் பிள்ளைகளின் நோட்டுகளை எடுத்து வைத்துவிட்டு வெளியே வந்தார். வழக்கமாகச் செருப்பு விடுகிற இடத்தில் நிற்கிற காலேபைக் காணவில்லை. அவன் செருப்பையும் காணவில்லை.

அன்றைக்கென்று புதுச்சட்டை போட்டுவிட்டிருந்தார். சந்தன நிறம். பிறந்தநாளுக்குத் தைத்தது. பெயரும் போன் நம்பரும் எழுதின அட்டையை எப்போதும் அவன் சட்டைப் பையில் வைப்பார். அது பழைய சட்டையிலேயே தங்கிவிட்டது. வீட்டுக்கு ஓடி வந்து, கொடியில் தொங்கின சட்டையில் அந்த அட்டையைப் பார்த்துவிட்டு டீச்சர் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"காலைல மாத்திரை குடுத்துட்டேன் கங்கையக்கா. சாயங்காலத்துக்குள்ள கிடைச்சுடணும்" என்றார்.

சாயங்காலத்துக்குள் கிடைக்கவில்லை. தெருவே தேடியது. அதே சர்ச்சுக்காரர் தாவீது, டிவி மெக்கானிக், தன் ஆம்னி வண்டியை எடுத்துக்கொண்டு வந்து ரயில்வே ஸ்டேஷன், சானடோரியம், சந்தைத் தெரு எல்லாம் சுற்றினார். போலீசில் எழுதிக் கொடுத்தோம். போட்டோவை வாங்கி எல்லா இடத்துக்கும் அனுப்புவதாகச் சொன்னார்கள். "சந்தனக் கலர் சட்டை, நல்ல கறுப்பு, நாப்பத்தொரு வயசு." அதைத்தான் டீச்சர் எல்லாரிடமும் சொன்னார். கேட்டவர்களும் அதையே வாயில் வைத்துக்கொண்டு தேடினார்கள். பெருங்களத்தூர் போகிற ரோட்டில் மஞ்சளாக ஏதோ சட்டை போட்ட ஒருத்தன் நடந்து போனதாகக் கொய்யாப்பழம் விற்கிறவள் ஒருத்தி சொன்னாள்.

சர்ச்சுக்குப் பக்கத்து பஸ் ஸ்டாப்புக்கு எதிரே லக்ஷ்மிநாராயணனுடைய மளிகைக் கடை. கடை வாசலில் ரோட்டைப் பார்த்து ஒரு காமிரா இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தோடு கடையைச் சாத்திவிடுவார். அதனால் திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்குத்தான் நாங்கள் அங்கே போக முடிந்தது. அதற்குள் இரண்டு மாத்திரை தவறிவிட்டது. தாவீது எங்களை இறக்கிவிட்டு போலீஸ் ஸ்டேஷனில் கேட்டுவரப் போனார்.

இந்த இடத்தை நான் நிதானமாகச் சொல்லவேண்டும். அந்தக் கடையில் கல்லா தரையில் இல்லை. லக்ஷ்மிநாராயணனுடைய அப்பா காலத்து மரமேடை, என் இடுப்பு உயரம். மூன்று படி ஏறினால் அதன்மேல் நாற்காலி, பக்கத்தில் சாமி படங்கள், மேலே ஃபேன். அப்பா போன பிறகு அந்த நாற்காலியில் லக்ஷ்மிநாராயணன் ஒருவர்தான் உட்காருவார். அவர் மனைவிகூட மேடையில் கையை ஊன்றிக்கொண்டு கீழே நின்றுதான் பேசுவார். காமிராப் படம் தெரிகிற திரையை, அவர் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக இருக்கும்படி எதிர்ச்சுவரில் மாட்டியிருந்தார். தரையில் நிற்கிறவர்களுக்கு அது தலைக்கு மேலே.

டீச்சரைப் பார்த்ததும் அவர் நாற்காலியை விட்டு எழுந்து கீழே இறங்கி வந்துவிட்டார். நாலாம் வகுப்பில் டீச்சரிடம் படித்தவர் அவர். இப்போது தலை நரைக்கிற வயது. ஆனாலும் டீச்சரைக் கண்டால் மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிடுவார்.

"நீ மேல உக்காந்தே போடு நாராயணா. எனக்குத் தெரியும்" என்றார் டீச்சர்.

"நீங்க நிக்கறச்சே நான் மேல உக்காந்துக்கறதா? நன்னாருக்கே டீச்சர்" என்று சொல்லி, மவுஸை வயரோடு இழுத்து ஓர் அரிசி மூட்டையின்மேல் வைத்துக்கொண்டார்.

டீச்சரை மேலே வாருங்கள் என்று அவரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் டீச்சர் ஏறியிருக்க மாட்டார். கல்லா நாற்காலியில் இன்னொருத்தர் போய் உட்காருவதாவது. ஆக, மூன்று பேரும் திரைக்கு அடியிலேயே நின்றுகொண்டு, கழுத்தை அண்ணாந்து பார்த்தோம்.

படம் மங்கலாகத்தான் தெரிந்தது. "இன்னைக்கு என்னமோ அழுக்கா தெரியறதே" என்று லக்ஷ்மிநாராயணன் தோள் துண்டால் எட்டித் திரையைத் துடைத்தார். துடைத்தும் அப்படியேதான் இருந்தது. "பழைய காமிரா டீச்சர், வயசாயிடுத்து" என்றார்.

ஞாயிறு மத்தியானம் பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம். ரோட்டில் ஆள்கள் போனார்கள், வந்தார்கள். பஸ் ஸ்டாப்பில் ஒரு கும்பல். ஐஸ் வண்டி ஒன்று நடுவில் நின்றதால் எல்லாரும் நெஞ்சுக்கு மேலேதான் தெரிந்தார்கள். அதில் ஒருத்தன் கொஞ்சம் தள்ளித் தனியாக நின்றான். பஸ் வந்தது. ஒரு விநாடி பக்கவாட்டில் திரும்பினான். ஏறிவிட்டான்.

"டீச்சரம்மா, அந்தாளு நிக்கிறது நம்ம காலேபு மாரியே கீது" என்றேன் நான்.

லக்ஷ்மிநாராயணன் பின்னால் ஓட்டி மறுபடி காட்டினார். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இல்லக்கா. மூஞ்சியப் பாருங்க, எவ்ளோ வெளுப்பா இருக்கான். சட்டை காப்பித்தூள் கலரு. நான் போட்டுவிட்டது சந்தனம்."

"நிக்கிற நிப்பு…"

"என் தம்பிய எனக்குத் தெரியாதாக்கா? இவன் இல்ல."

"இன்னொரு தரம் போடட்டுமா டீச்சர்?"

"வேண்டாம்பா. நேரம் போகுது. அவன் பெருங்களத்தூர் பக்கம்தான் நடந்திருக்கான்."

நான் எதையும் எளிதில் விடுகிறவள் இல்லை. மாவில் உப்பு அதிகம் என்று ஒருத்தி சொன்னால், அவள் வீட்டுக்கே போய் இட்லி ஊற்றித் தின்று காட்டுகிறவள். அன்றைக்கு மட்டும் விட்டுவிட்டேன். என் கண்ணுக்கும் அந்த ஆள் வெளுப்பாகத்தான் தெரிந்தான். சட்டை இருட்டாகத்தான் தெரிந்தது. எதை வைத்துப் பிடிவாதம் பிடிப்பது?

அந்தத் திங்கட்கிழமை பூராவும் தாவீது வண்டியில் பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், காட்டாங்குளத்தூர் என்று போனோம். டீச்சர் வண்டிக்குள் நிலையாக உட்காரவே இல்லை. நிறுத்துகிற இடத்திலெல்லாம் கதவைத் திறந்துகொண்டு முதலில் குதிப்பார். டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, காலேஜ் வாசலில் நின்ற பிள்ளைகள் எல்லாரிடமும் போனை நீட்டுவார். வெயிலில் படம் தெரியாமல் அவர்கள் போனைச் சாய்த்து, திருப்பி, கையால் நிழல் கட்டிப் பார்ப்பார்கள். "சந்தனக் கலர் சட்டை, நல்ல கறுப்பா இருப்பான்." தலையை ஆட்டுவார்கள். அடுத்த ஆள்.

மத்தியானம் ஒரு பஸ் ஷெல்டரில் சட்டையில்லாமல் படுத்திருந்த ஒருத்தனைத் தூரத்தில் பார்த்துவிட்டு டீச்சர் ரோட்டைக் குறுக்கே ஓடினார். லாரிக்காரன் பிரேக் அடித்து வாய்க்கு வந்தபடி திட்டினான். டீச்சர் காதில் அது விழவில்லை. படுத்திருந்தவன் வேறு யாரோ. எழுந்து உட்கார்ந்து, "இன்னா அக்கா, சோறு வெச்சிகீறியா?" என்றான். டீச்சர் தன் பையில் காலேபுக்கென்று வைத்திருந்த இட்லிப் பொட்டலத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு, அங்கேயே நின்று அழுதார். அத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சாயங்காலம், "மூணாவது மாத்திரை நேரமும் வந்துடுச்சு கங்கையக்கா" என்றார். கைப்பையில் அந்த மாத்திரை அட்டை இருந்தது. வண்டியில் வரும்போதெல்லாம் அதை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"சும்மா இருங்க டீச்சரம்மா. யாராவது சோறு போட்டு குந்த வெச்சிருப்பாங்க" என்றேன். எனக்கே அந்த வார்த்தையில் நம்பிக்கை இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை மறுபடி லக்ஷ்மிநாராயணன் கடைக்குப் போகவேண்டும் என்றார் டீச்சர். கடைசி ஜெபத்தில் எல்லாரும் கண்ணை மூடியிருந்தபோதே அவன் வெளியே வந்திருந்தால்? அந்த நேரத்துப் படத்தை நாம் பார்க்கவில்லையே என்று அவருக்கு ஓர் எண்ணம். இந்தத் தடவை தாவீதும் கூட வந்தார்.

இரண்டு நாளாகத் தண்ணீரைத் தவிர டீச்சர் வயிற்றில் ஒன்றும் இல்லை. கடைக்குள் காலை வைத்ததும் "நாராயணா" என்று கூப்பிட்டார். அடுத்த வார்த்தை வரவில்லை. பருப்பு மூட்டைமேல் கை ஊன்றப் போய், கை வழுக்கிச் சரிந்தார். நானும் லக்ஷ்மிநாராயணனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். கடையில் ஃபேன் இருப்பது கல்லாவுக்கு மேலேதான், நாற்காலி இருப்பதும் அங்கேதான். அவர் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. "மேல ஏத்துங்கோ, மேல ஏத்துங்கோ" என்று டீச்சரைத் தூக்காத குறையாகப் படியேற்றித் தன் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். தாவீது சோடா உடைத்துக் கொண்டுவந்தார்.

இரண்டு வாய் குடித்துவிட்டு டீச்சர் கண்ணைத் திறந்தார். நேர் எதிரே திரை. எங்களுக்குக் காட்டுவதற்காக, எங்கள் வண்டி வாசலில் நின்றதுமே லக்ஷ்மிநாராயணன் கீழே இறங்கி, தரையில் நின்றபடியே எடுத்து நிறுத்தி வைத்திருந்த படம். பஸ் ஸ்டாப், ஐஸ் வண்டி, தள்ளி நிற்கிற ஆள்.

"நாராயணா, இது எந்தப் படம்?"

"நேத்து பார்த்ததேதான் டீச்சர். அதுலேர்ந்து ஆரம்பிச்சுப் பின்னாடி போலாம்னு…"

"நேத்து பார்த்ததா?"

"ஆமா டீச்சர். கையே வெக்கலை அதுல."

டீச்சர் எழுந்தார். நான் பிடிக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டு மூன்று படியும் இறங்கி, முதல் நாள் நின்ற அதே இடத்தில் போய் நின்று அண்ணாந்து பார்த்தார். மறுபடி படியேறி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். மறுபடி இறங்கினார். மூன்றாம் தடவை ஏறும்போது படியில் முழங்கால் இடித்து ரத்தம் வந்தது. அதையும் அவர் பார்க்கவில்லை.

நானும் மேலே ஏறிப் பார்த்தேன். அங்கேயிருந்து பார்த்தால் படம் தெளிவாக இருந்தது. ஐஸ் வண்டி நீலம். மரம் பச்சை. தள்ளி நின்றவன் போட்டிருந்தது சந்தன நிறச் சட்டை. கறுத்த முகம். அது காலேப்தான். கீழே இறங்கி நின்று பார்த்தேன். அதே முகம் சாம்பல் பூசினாற்போல வெளுத்துப்போனது, அதே சட்டை காப்பித்தூளாக இருண்டது. படம் ஒன்றேதான். நாங்கள் நின்ற இடம்தான் வேறு.

தாவீது மேடைமேல் ஒரு கால், தரையில் ஒரு காலாக நின்று பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"டேபிள் மேல வெக்கிற பழைய மானிட்டர எட்த்தாந்து சொவுத்துல மாட்னது யாரு சார்?"

"நான்தான். ஏன், எனக்கு நன்னாத்தானே தெரியறது…"

"உனுக்கு தெரியும் சார், நீ நேரா குந்திகினு பாக்கற. இந்த மாரி மானிட்டர நேரா பாத்தாத்தான் சரி. அடில நின்னுகினு மேல பாத்தா வெளுப்பு எல்லாம் இருண்டுக்கும், கறுப்பு எல்லாம் வெளுத்துக்கும். போட்டோ நெகட்டிவ் மாரி. கொஞ்சம் குனிஞ்சாப்ல சாய்ச்சி மாட்டிருந்தாலே போதும், இந்த பேஜாரே இல்ல. நேத்து நான் இங்க நின்னிருக்கணும், ஸ்டேஷனுக்கு போய்த் தொலைஞ்சேன்."

லக்ஷ்மிநாராயணன் முகம் செத்துப்போயிற்று. "நான் நேத்து என் எடத்துலயே உக்காந்திருந்தா…" என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

அவர் சொல்ல வந்தது எல்லாருக்கும் புரிந்தது. மரியாதைக்கு அவர் இறங்கி வந்தார். மரியாதைக்கு டீச்சர் மேலே ஏறவில்லை. இரண்டு பேரில் ஒருத்தர் அந்த மரியாதையை விட்டிருந்தால் திங்கட்கிழமை ஒன்பதரைக்கே தெரிந்திருக்கும்.

டீச்சர் அதையெல்லாம் கேட்கிற நிலையில் இல்லை. "ஓட்டு, நாராயணா, ஓட்டு" என்றார். பஸ் வந்தது. அதன் நெற்றியில் இருந்த பலகையை டீச்சர் வாய்விட்டுப் படித்தார். "குன்றத்தூர்."

படித்ததும் வாயில் கையை வைத்துக்கொண்டார். எனக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால், குன்றத்தூர் போகிற வழியில் திருமுடிவாக்கத்தில், தெரிந்தவர் ஒருவருடைய போல்ட் நட்டு கம்பெனியில் காலேபுக்கு வேலை போட்டுக் கொடுத்திருந்தார்கள். வாஷர்களைப் பத்துப் பத்தாக எண்ணி உறையில் போடுகிற வேலை. டீச்சர்தான் தினமும் அந்த பஸ்ஸில் கூட்டிப்போய் விட்டுக் கூட்டி வருவார். பதினோரு மாதம் போனான். அங்கே மிஷின் பக்கத்தில் ஒருநாள் வலிப்பு வந்தது. அத்தோடு டீச்சர் பயந்து நிறுத்திவிட்டார். அவனிடம் "லீவு விட்டிருக்காங்க" என்று சொல்லி வைத்தார். அவனும் நினைத்துக்கொண்டால் கேட்பான், "லீவு முடிஞ்சுச்சா அக்கா?" "இன்னும் முடியலடா."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை கடைசியில் போதகர் ஐயர் அறிவிப்பு வாசித்தாராம். "லீவு முடிந்து நாளை பள்ளிக்கூடங்கள் திறக்கின்றன, பிள்ளைகளுக்காக ஜெபிப்போம்." அந்த ஜெபத்துக்கு டீச்சர் கண்ணை மூடியிருந்தார். பக்கத்தில் காலேப் சிரித்த சத்தம் கேட்டதாம். அப்போது அதற்கு அர்த்தம் தெரியவில்லை.

தாவீது வண்டியை எப்படி ஓட்டினார் என்று கேட்காதீர்கள். முக்கால் மணி நேரத்தில் திருமுடிவாக்கம். டீச்சர் வழியெல்லாம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "நாலு." நாலாவது மாத்திரையும் தவறிவிட்டது.

கம்பெனி கேட்டில் வேறு பெயர்ப் பலகை. கைமாறிவிட்டதாம். வாட்ச்மேன் டீச்சர் நீட்டிய போனைப் பார்த்ததும் ஸ்டூலை விட்டு எழுந்தார்.

"ஐயோ, இவரா? ஞாயித்துக்கெழமை மத்தியானமே வந்துட்டாரும்மா. லீவுப்பா, போப்பான்னா கேக்கல. லீவு முடிஞ்சுடுச்சு, லீவு முடிஞ்சுடுச்சுன்னாரு. டீயும் பன்னும் வாங்கிக் குடுத்தேன். அந்தச் செட்டுலதான் படுத்துக்கினாரு. திங்கக்கெழம கேட்டு தொறந்ததும் உள்ள போறேன்னு நின்னாரு. புது மேனேஜருக்குத் தெரியல, வெளிய நில்லுன்னுட்டாரு. நின்னாரு பாவம், வரிசைல நிக்கிற மாதிரி."

"இப்ப எங்க?"

"பதினோரு மணி இருக்கும். தடால்னு விழுந்தாரு. வுட்டு வுட்டு இழுத்துக்கினே இருந்துச்சு, நிக்கவே இல்ல. நூத்தியெட்டுக்குப் போன் பண்ணி அனுப்பிச்சேன்."

"எந்த பதினோரு மணி? இன்னைக்கா?"

"நேத்தும்மா. திங்கக்கெழம."

தாவீது டீச்சரைப் பார்க்காமல் வண்டிச் சாவியைப் பார்த்தார். கணக்குப் போட எழுத்துப் படிப்பு வேண்டாம், எனக்கும் தெரிந்தது. ஒன்பதரைக்கு நாங்கள் அந்தப் படத்துக்குக் கீழே நின்றோம். பத்து மணிக்குக் கிளம்பியிருந்தால் பத்தே முக்காலுக்கு இந்த கேட்டுக்கு வந்திருப்போம். மாத்திரை அட்டை டீச்சர் பையிலேயே இருந்தது.

காலேப் உயிரோடு இருக்கிறானா என்று இந்த இடத்தில் கேட்பீர்கள். இருக்கிறான். இப்போது இதைச் சொல்லும்போதும் என் வீட்டுக் கூடத்தில்தான் படுத்திருக்கிறான். வலது கை மடங்குவதில்லை, வாயில் சொல் வருவதில்லை. கிரைண்டர் போட்டால் அந்தப் பக்கம் கண் போகிறதா என்று டீச்சரும் நானும் தினமும் பார்க்கிறோம். ஒருநாள் போகிற மாதிரி இருக்கிறது, ஒருநாள் இல்லை. டாக்டர்கள் ஒன்றும் உறுதியாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

அன்றைக்கு வாட்ச்மேன் சொன்ன ஆஸ்பத்திரிக்குப் போனோம். அரசு ஆஸ்பத்திரி, பெரிய வார்டு. பெயர் தெரியாமல் வந்தவர்கள் என்று மூன்று பேர் இருந்தார்கள். நர்ஸ் வாசலிலேயே நின்று, ஒரு கட்டிலைக் கை காட்டி, "அவரா பாருங்கம்மா" என்றாள். தலையை மழித்துக் கட்டுப் போட்டிருந்தார்கள். விழுந்ததில் முகம் ஒரு பக்கம் வீங்கி, கண் மூடியிருந்தது. மூக்கில் குழாய். சந்தன நிறச் சட்டை இல்லை, ஆஸ்பத்திரித் துணிதான்.

வாசலிலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது. டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அவர்தானாம்மா?" என்றாள் நர்ஸ் மறுபடி.

டீச்சர் உள்ளே போனார். கால்மாட்டில் நின்று பார்த்தார். வலது பக்கம் போய்ப் பார்த்தார். தலைமாட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் உடம்பை நுழைத்து, மேலேயிருந்து குனிந்து பார்த்தார். இடது பக்கம் வந்தார். மண்டிபோட்டு அவன் முகத்துக்கு நேரே தன் முகத்தை வைத்துக்கொண்டு பார்த்தார். பக்கத்துக் கட்டில்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். "சீக்கிரம் சொல்லுங்கம்மா, டாக்டர் வர்ற நேரம்" என்றாள் நர்ஸ். நான் அவளை, "கம்முனு கெட பாப்பா, அவங்க பாக்கட்டும்" என்று அதட்டிவிட்டேன்.

அதற்கப்புறம்தான் டீச்சர் சொன்னார். "என் தம்பி. பேரு காலேப்."

நர்ஸ் கால்மாட்டில் தொங்கின அட்டையை எடுத்து, முதலில் இருந்த ஒரு வரியை அடித்துவிட்டு, புதிதாக எழுதினாள்.

டாக்டர் வந்தார். வயதில் சின்னவர், நல்ல மாதிரி. மாத்திரைப் பெயரைக் கேட்டார். டீச்சர் அட்டையை எடுத்து நீட்டினார். அவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, குறையாகச் சொல்லவில்லை, பொதுவாகத்தான் சொன்னார்:

"நேத்து காலைல இதுல ஒண்ணு உள்ள போயிருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்காதும்மா. நேத்து காலைலயே உங்க கண்ணுல பட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்."

"பட்டான் சார்" என்றார் டீச்சர்.

"எங்க?"

டீச்சர் அவன் இடது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். டாக்டர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.